கல்சியம் குளிசை எலும்புக்குள் எப்படிப் போகிறது?

மட்டக்களப்பில் ஒரு பாமசிக் கவுண்டருக்கு உள்ளே சில வருடம் நின்றிருக்கிறேன். மருந்துத் துண்டு இல்லாமல் ஆக்கள் கேட்கும் சாமான்களில் பனடோலுக்கு அடுத்து என் நினைவில் நிற்பது கல்சியம்தான்.

“தம்பி, முழங்கால் எலும்பு தேயுதாம். கல்சியம் ஒரு காட் தாங்க.”

“டொக்டர் எழுதித் தந்தவரா அம்மா?”

“இல்ல மனே, பக்கத்து வீட்டுக்காரி சொன்னவ. அவ ரெண்டு வருசமாப் போடுறாவாம்.”

ஆரையம்பதி அம்மாவும் இதையே சொல்வார், காத்தான்குடி உம்மாவும் இதையே சொல்வார். வேறு சிலர் கட்டாரில் இருக்கும் மகனோ லண்டனில் இருக்கும் தங்கச்சியோ அனுப்பிய பெரிய போத்தலைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்து, “இதில நாளைக்கு எத்தின போடலாம்?” என்று கேட்பார்கள். கல்சியம்தானே, பாலில் இருப்பதுதானே, கூடினால் சிறுநீரோடு போய்விடும் என்பது எல்லோருடைய நினைப்பும். அதில் பாதி சரி. மற்றப் பாதியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

முழங்கால் நோ வேறு, எலும்பு மெலிவு வேறு

குழப்பம் ஒரு சொல்லில் தொடங்குகிறது. “எலும்புத் தேய்வு” என்ற ஒரே பெயரை இரண்டு வேறு வருத்தங்களுக்கு நாங்கள் பாவிக்கிறோம்.

படியேற முழங்கால் நோகிறது, தொழுகையில் குந்தி எழும்ப முடியவில்லை, காலையில் மூட்டு விறைத்துக் கிடக்கிறது என்றால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்வு. இரண்டு எலும்பு சந்திக்கும் இடத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு ஒன்று மெத்தை போலக் கிடக்கும். வயதோடும் உடற்பாரத்தோடும் அந்த மெத்தை கெடுகிறது. கதவின் பிணைச்சல் தேய்ந்துபோனால் பிணைச்சலைத்தான் பார்க்க வேண்டும். கதவுப் பலகையைத் தடிப்பாக்கி என்ன பயன்? கல்சியம் குளிசை குருத்தெலும்பைத் திரும்ப வளர்க்காது. இரண்டு வருடமாகக் குளிசை போட்டும் முழங்கால் நோ குறையவில்லை என்று சொல்பவர்களுக்கு, குளிசை கூடாதது என்று அர்த்தமில்லை. அது வேறு வேலைக்கான சாமான்.

மற்றது எலும்பு மெலிவு. டொக்டர்மார் ஒஸ்டியோபொரோசிஸ் என்பார்கள். எலும்பின் உட்பகுதி கட்டித்தன்மை குறைந்து, துளைகள் பெரிதாகி, பாரம் தாங்கும் வலு இல்லாமல் போவது. கறையான் உள்ளே அரித்த கூரை வளையைக் கீழே நின்று பார்த்தால் நல்ல மரம் போலத்தான் தெரியும். இதுவும் அப்படித்தான்: நோகாது. குளியலறையில் ஒருநாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டோ இடுப்போ உடையும்போதுதான் தெரியவரும். சிலருக்கு முதுகெலும்பு கொஞ்சம் கொஞ்சமாக நசிந்து கூன் விழும், உயரம் குறையும். இதைக் கண்டுபிடிக்க டெக்ஸா என்ற ஒரு ஸ்கான் உண்டு. அது தரும் எண்ணுக்கு டீ-ஸ்கோர் என்று பெயர். அது −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்பு மெலிவு என்பது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த கணக்கு.

கல்சியமும் விற்றமின் டியும் சம்பந்தப்படுவது இந்த இரண்டாவது வருத்தத்தோடுதான். இனிமேல் எலும்பு என்று சொல்லும் இடமெல்லாம் அதையே நினைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குள் அடுக்கிய நெல் மூட்டை

பெரும்போகம் வெட்டி முடிந்ததும் வயல்காரர் வீட்டில் ஒரு அறைக்குள் நெல் மூட்டை அடுக்குவார்கள். குசினியில் அன்றாடம் சமைக்க ஒரு அரிசிப் பானை இருக்கும். பானை குறையும்போது கடையில் வாங்கலாம், உறவுக்காரர் தரலாம். ஒன்றும் வராவிட்டால் அறைக்குள் இருக்கும் மூட்டையை அவிழ்த்துக் குத்துவார்கள். அடுப்பு மட்டும் அணையாது.

உடம்பில் இருக்கும் கல்சியத்தில் 99 வீதம் எலும்பிலும் பல்லிலும் கிடக்கிறது. வளர்ந்த ஒருவரிடம் மொத்தம் ஒரு கிலோகிராம் அளவு. அதுதான் நெல் அறை. மிச்சம் ஒரு வீதம் இரத்தத்திலும் தசைகளிலும் மற்ற இடங்களிலும் ஓடித் திரிகிறது. இதயம் துடிக்க, தசை சுருங்க, வெட்டுக்காயத்தில் இரத்தம் உறைய அந்தச் சொற்பம் இல்லாமல் முடியாது. ஆகவே இரத்தத்தில் கல்சியம் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் நிற்க உடம்பு படாத பாடு படும்.

அந்த அளவைக் கண்காணிப்பது கழுத்தில் தைரொயிட் சுரப்பிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு குட்டிச் சுரப்பிகள். பாராதைரொயிட் என்று பெயர். இரத்தக் கல்சியம் கொஞ்சம் இறங்கினாலும் அவை ஒரு ஹோர்மோனை விடும். ஹோர்மோன் என்றால் இரத்தத்தில் ஓடிப்போய் இன்னொரு உறுப்புக்கு வேலை சொல்லும் இரசாயனம். இந்த ஹோர்மோன் எலும்பிடம் “மூட்டையை அவிழ்” என்று சொல்கிறது, சிறுநீரகத்திடம் “கல்சியத்தை வெளியே விடாதே” என்று சொல்கிறது.

இதில் கவுண்டரில் நின்று நான் பலமுறை விளங்கப்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. “இரத்தத்தில கல்சியம் பார்த்தன், நோர்மல். எலும்புக்குப் பிரச்சினை இல்ல” என்று சிலர் ரிப்போட்டைக் காட்டுவார்கள். பானை நிறைந்திருப்பதைக் கண்டு அறையில் மூட்டை இருக்கிறது என்று சொல்ல முடியுமா? அறையைச் சுரண்டித்தான் பானை நிறைகிறதோ என்னவோ. இரத்தக் கல்சியம் எலும்பின் நிலையைச் சொல்லாது.

எலும்பு ஒருமுறை கட்டி முடிந்த சுவரும் அல்ல. ஒரு வகைக் கலங்கள் பழையதை உடைத்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்கும். பத்து வருடத்துக்கு ஒருமுறை எலும்புக்கூடு ஏறத்தாழ முழுவதும் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. முப்பது வயது வரை கட்டுவோர் கை ஓங்கியிருக்கும். பிறகு மெல்ல மெல்ல உடைப்போர் கை. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்திரஜன் ஹோர்மோன் குறைவதால் அடுத்த சில வருடங்களில் இந்த இழப்பு சடாரென்று கூடுகிறது. அதனால்தான் ஐம்பது தாண்டிய பெண்களைப் பற்றியே இந்தப் பேச்சில் அதிகம் வருகிறது.

கல்சியம் இதில் கல்லும் மண்ணும் மாதிரி. வளவுக்குள் ஐந்து லோட் மணல் பறித்துவிட்டு மேசனைக் கூப்பிடாவிட்டால் சுவர் எழும்பாது. அந்த மேசனை வேலைக்கு அழைப்பது நடையும் பாரம் தூக்குவதும் ஹோர்மோன்களும், சாப்பாட்டில் கிடைக்கும் புரதமும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எலும்பு கல்சியத்தின் களஞ்சியம். இரத்தம் அதிலிருந்து கடன் எடுக்கும். வெளியிலிருந்து போதுமான அளவு வந்தால் கடன் எடுக்கத் தேவை குறைகிறது. குளிசை செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி இதுதான்.

மடை திறப்பவர்

உன்னிச்சைக் குளம் முட்ட நிறைந்து நின்றாலும் மடை திறக்காமல் வயலுக்குத் தண்ணீர் பாயாது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை வந்து திறக்க வேண்டும். சாப்பிட்ட கல்சியம் குடலுக்குள் நிற்பது குளத்துத் தண்ணீர் மாதிரி. அதைக் குடற்சுவருக்குள்ளால் இரத்தத்துக்கு விடுகிற வட்டை விதானைதான் விற்றமின் டி. அது போதாமல் இருக்கும்போது சாப்பாட்டுக் கல்சியத்தில் 10 முதல் 15 வீதமே உள்ளே போகிறது. போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 வீதம் வரை போகிறது. மிச்சம் மலத்தோடு வெளியேறும்.

விற்றமின் என்ற பெயரே இதற்குப் பொருத்தமில்லை என்பது என் எண்ணம். மீன் ஈரல் எண்ணெயில் இதைக் கண்டு 1922இல் மக்கொலம் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஏ, பி, சிக்கு அடுத்த எழுத்தைக் கொடுத்துவிட்டார். உண்மையில் இதை உடம்பே செய்துகொள்ளும். வெயிலில் உள்ள யூ.வி.பி. என்ற கதிர் தோலில் படும்போது தோலுக்குள் இருக்கும் ஒரு கொழுப்புப் பொருள் விற்றமின் டியாக மாறுகிறது. அது ஈரலுக்குப் போய் ஒருமுறை மாறி, சிறுநீரகத்துக்குப் போய் இன்னொருமுறை மாறி, கடைசியில்தான் வேலை செய்யும் வடிவத்துக்கு வருகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு அந்தக் கடைசிப் படி நடக்காது. அவருக்கு டொக்டர் அல்பாகல்சிடோல் என்ற வேறு மருந்தை எழுதுவார். அது சிறுநீரகத்துப் படியைத் தாண்டி வந்த வடிவம். ஆகவே வலுக் கூடியது, மிக நுண்ணிய அளவில் தருவது. “நானும் விற்றமின் டிதான் போடுறன், இந்தாங்க ரெண்டு” என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிற சாமான் இல்லை.

எங்கள் ஊர் வெயிலில் விற்றமின் டிக்குப் பஞ்சமா என்று கேட்பீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு மேலேயே வந்து நிற்கிறது. ஆனால் கதிர் தோலில் பட வேண்டுமே. கண்ணாடி யன்னலுக்குள்ளால் யூ.வி.பி. வராது. கருந்தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடிய நேரம் வேண்டும். வயது ஏற ஏறத் தோலின் உற்பத்தி குறையும். அபாயா அணிந்து வெளியே போகிறவர்கள், கந்தோரில் காலையிலிருந்து மாலை வரை இருப்பவர்கள், பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடப்பவர்கள் ஆகியோருக்குக் குறைவு ஏற்பட இடமுண்டு. அம்பாறைப் பக்கம் நாள் முழுக்க வயலில் நிற்பவருக்கு அந்தக் கவலை குறைவு.

“காலை இளவெயில்தான் நல்லது” என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. ஆறரை மணி வெயில் கல்லடிக் கடற்கரையில் இதமாக இருக்கும், நடக்க நல்லது. ஆனால் சூரியன் சரிந்து நிற்கும்போது யூ.வி.பி. வளிமண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் கட்டையாக விழும் நேரத்தில்தான் அந்தக் கதிர் தாராளமாக வருகிறது. அதற்காக உச்சி வெயிலில் காய வேண்டாம். பத்து மணிக்குப் பிறகு கையும் காலும் வெயில் பட முற்றம் கூட்டுவது, உடுப்புக் காயப்போடுவது போன்ற சின்ன நேரம் போதும். தோல் எரியத் தொடங்கும் முன்பே நிழலுக்கு வந்துவிடுங்கள். எண்ணெய்ப் பிடிப்பான சாளை, சூரை போன்ற மீன்களிலும் முட்டை மஞ்சளிலும் கொஞ்சம் கிடைக்கும்.

கோப்பையில் இருந்து எண்ணத் தொடங்குங்கள்

அமெரிக்காவின் மருத்துவ நிறுவகம் 2010இல் வெளியிட்ட அளவுகளைத்தான் உலகில் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கல்சியம். 50 தாண்டிய பெண்ணுக்கும் 70 தாண்டிய ஆணுக்கும் 1200. விற்றமின் டி 70 வயது வரை 600 அலகு, அதற்குப் பிறகு 800. அலகு என்பது பெட்டியில் ஐ.யு. என்று போட்டிருப்பது. ஐரோப்பியப் போத்தல்களில் மைக்கிரோகிராம் என்று இருக்கும். ஒரு மைக்கிரோகிராம் என்றால் 40 அலகு, ஆக 25 மைக்கிரோகிராம் என்றால் 1000 அலகு.

இந்த 1000, 1200 என்பது சாப்பாட்டையும் சேர்த்த கணக்கு. எல்லோரும் தவறவிடும் இடம் இது. 1200 தேவை என்று கேள்விப்பட்டவுடன் 600 மில்லிகிராம் குளிசை இரண்டு போட்டுவிடுகிறார்கள், அன்று சாப்பிட்ட தயிரும் மீனும் கணக்கில் வருவதே இல்லை.

ஏறத்தாழக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தம்ளர் பாலில் 240 மில்லிகிராம். எருமைத் தயிர் 100 கிராமில் 150 அளவு. எங்கள் முட்டித் தயிருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் போத்தலைத் தேடுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். குரக்கன் மா 100 கிராமில் 340. முருங்கையிலை 100 கிராமில் கிட்டத்தட்ட 200. ஒரு மேசைக்கரண்டி எள்ளில் 80 சொச்சம், ஆகவே எள்ளுருண்டையையும் சேர்த்து எண்ணலாம். நெத்தலி போன்ற சின்ன மீனை முள்ளோடு மென்று தின்றால் அந்த முள்ளே கல்சியம். பெரிய மீன் துண்டில் முள்ளை எடுத்துப் போட்டுவிடுவதால் அவ்வளவு கிடைக்காது. சில கீரைகளில் ஒக்ஸலேட் என்ற பொருள் கல்சியத்தைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். கடதாசியில் அளவு கூடவாகத் தெரிந்தாலும் உடம்புக்குச் சேர்வது குறைவு.

சோறும் தேங்காய்ச் சம்பலும் பருப்பும் மட்டும் சாப்பிடும் நாளில் இந்தக் கணக்கு பரிதாபமாக இருக்கும். 2022இல் பால்மா விலை ஏறியபோது பிளேன்டீக்கு மாறி அப்படியே நின்றுவிட்ட வீடுகள் பல. அப்படியான வீட்டில் வயதானவருக்கு 500 மில்லிகிராம் குறை இருந்தால் அந்த 500ஐ நிரப்பத்தான் குளிசை. 1200ஐயும் குளிசையால் நிரப்ப அல்ல.

பெட்டியின் சின்ன எழுத்து

இரண்டு பேர் கல்சியம் போடுகிறார்கள். இருவருடைய குளிசையிலும் மில்லிகிராம் என்று ஏதோ எழுதியிருக்கிறது. ஆனால் ஒருவருக்குக் கிடைப்பது மற்றவரைவிடப் பத்து மடங்குக்கு மேல் என்றால் நம்புவீர்களா?

கல்சியம் தனியே குளிசையாக வராது. இன்னொரு பொருளோடு சேர்ந்த உப்பாகத்தான் வரும். அந்த உப்பின் பாரத்தில் கல்சியம் எவ்வளவு என்பதற்கு மூலகக் கல்சியம் என்று பெயர். தேங்காயைக் கிலோக்கணக்கில் உரிக்காமல் வாங்கினால் உள்ளே பருப்பு எவ்வளவு என்று பார்ப்போமே, அதுபோல.

கல்சியம் கார்பனேட், பள்ளிக்கூடத்தில் காபனேற்று என்று படித்ததுதான், அதில் 40 வீதம் கல்சியம். 1250 மில்லிகிராம் குளிசையில் 500 மில்லிகிராம் மூலகக் கல்சியம். கல்சியம் சிட்ரேட்டில் 21 வீதம். கல்சியம் லக்டேட்டில் 13 வீதம் மட்டும். 300 மில்லிகிராம் லக்டேட் குளிசை ஒன்றில் கிடைப்பது 39 மில்லிகிராம். ஆகவே லக்டேட் குளிசையை “நாளைக்கு மூன்று” என்று போட்டுப் பழகியவர், அதே பழக்கத்தில் கார்பனேட் குளிசை மூன்று போட்டால் ஒரே நாளில் 117இல் இருந்து 1500க்குத் தாவிவிடுவார். குளிசை எண்ணிக்கையால் கணக்குப் பார்ப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

வெளிநாட்டுப் போத்தலில் இன்னொரு பொறி. முன்பக்கம் பெரிய எழுத்தில் 1200 என்று இருக்கும். பின்பக்கம் திருப்பினால் அது இரண்டு குளிசைக்கான கணக்கு என்று சின்னதாகப் போட்டிருக்கும். சிலதில் விற்றமின் டியும் கூடவே இருக்கும். அது தெரியாமல் தனியே இன்னொரு டி கப்சூலும் போடுவார்கள்.

எதோடு, எப்போது

கார்பனேட் கரைய இரைப்பையின் அமிலம் வேண்டும். வாவியில் பொறுக்கும் மட்டிச் சிப்பியும் பெரும்பாலும் கார்பனேட்தான். அதன் மேல் தேசிப்புளி விட்டால் நுரைத்துக்கொண்டு கரையும், தண்ணீர் விட்டால் அசையாது. சாப்பிடும்போது அமிலம் சுரப்பதால் கார்பனேட் குளிசையைச் சாப்பாட்டோடு போடச் சொல்கிறோம். கஸ்ரைட்டிஸுக்கு ஒமிப்ரசோல் வருடக்கணக்கில் எடுப்பவருக்கு அமிலம் குறைவு. அவருக்குச் சிட்ரேட் பொருத்தம், அதைச் சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம் பின்னும் போடலாம். விலைதான் கூட.

ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் குடல் உறிஞ்சும் வீதம் குறைந்துவிடும். ஆகவே 1000 எழுதித் தந்திருந்தால் காலை பாதி, இரவு பாதி. விற்றமின் டி கொழுப்பில் கரைவது, கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ உள்ள சாப்பாட்டோடு போட்டால் நல்லது.

இனி, கவுண்டரில் நான் ஆகக் கவலைப்பட்ட விஷயம். கல்சியம் வேறு மருந்துகளைக் குடலுக்குள்ளேயே பிடித்துக் கட்டிவிடும். கட்டுப்பட்ட மருந்து உள்ளே போகாது. தைரொயிட்டுக்குத் தைரொக்சின் போடுகிறவர்கள் அதற்கும் கல்சியத்துக்கும் நடுவில் நான்கு மணித்தியாலம் விட வேண்டும். விடிய வெறும் வயிற்றில் தைரொக்சின், மத்தியானச் சோற்றோடு கல்சியம் என்று வைத்தால் குழப்பமில்லை. இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு “எவ்வளவு டோஸ் கூட்டியும் தைரொயிட் சரிவரல்ல” என்று கிளினிக்குக்கு அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இரும்புச்சத்துக் குளிசையும் அப்படியே. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இரண்டும் தருகிறார்கள், ஆனால் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்கத் தரவில்லை. குறைந்தது இரண்டு மணித்தியாலம் விட்டுப் போடுங்கள். கர்ப்ப காலத்துக் கல்சியத்தை இந்தக் கட்டுரையைப் பார்த்துக் குறைத்துவிடவும் வேண்டாம். சாப்பாட்டில் கல்சியம் குறைந்த மக்களிடையே கர்ப்பகால உயர் இரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்க 1.5 முதல் 2 கிராம் வரை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. குடும்ப நல மிஸ்ஸி சொன்னபடி நடவுங்கள்.

வயல்காரருக்கு ஒன்று. எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கப் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தரும் டொக்சிசைக்கிளினையும் கல்சியம் கட்டிவிடும். அதை விழுங்கும் நாளில் கல்சியத்தையும் பால் தேத்தண்ணியையும் சில மணித்தியாலம் தள்ளி வையுங்கள். சிப்ரோபுளொக்சசின் என்ற கிருமிகொல்லி மருந்துக்கும் இதே விதி. எலும்பு மெலிவுக்கென்றே தரும் அலென்ட்ரோனேட் குளிசையை விடிய வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணித்தியாலம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். கல்சியம் அதற்குப் பிறகுதான்.

சுருக்கமாக: கார்பனேட் சாப்பாட்டோடு, ஒரு தடவைக்கு 500க்குள், மற்ற மருந்துகளோடு இடைவெளி விட்டு.

கூடினால் சிறுநீரோடு போய்விடுமா?

போகும், போகும் வழியில்தான் பிரச்சினை. கூடுதல் கல்சியம் சிறுநீரகத்தைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்று 2006இல் வெளியானது. நாளுக்கு 1000 மில்லிகிராம் கல்சியமும் 400 அலகு டியும் எடுத்தவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி கொஞ்சம் கூடியது. இடுப்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சிறுநீரகக் கல் மட்டும் 17 வீதம் கூடியது. சாப்பாட்டில் உள்ள கல்சியம் அப்படியல்ல, குடலுக்குள் ஒக்ஸலேட்டைக் கட்டி மலத்தோடு அனுப்புவதால் கல் வராமல் தடுக்கக்கூட உதவுகிறது. வியர்த்துக் கொட்டும் எங்கள் காலநிலையில் தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டு வெறும் வயிற்றில் கல்சியம் விழுங்குவது நல்ல யோசனை இல்லை.

மேல் எல்லை என்று ஒன்றும் சொல்லியிருக்கிறார்கள்: 50 வயது வரை நாளுக்கு 2500 மில்லிகிராம், அதற்குப் பிறகு 2000, சாப்பாடும் சேர்த்து. விற்றமின் டிக்கு 4000 அலகு.

டி கொழுப்பில் தங்கி நிற்கும், இலகுவில் வெளியே போகாது. குறைவு உள்ளவருக்கு டொக்டர் கிழமைக்கு ஒன்று என்று 50,000 அலகுக் கப்சூலைச் சில கிழமைகளுக்கு எழுதுவார். அந்தத் துண்டையே திரும்பத் திரும்பக் காட்டி வருடம் முழுக்க வாங்குபவர்கள் உண்டு. நாளுக்கொன்று என்று நினைத்துப் போட்டவர்களும் உண்டு. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறி, அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், ஓங்காளம், சோர்வு, தடுமாற்றம் என்று வரும், சிறுநீரகமும் பழுதாகும். இந்தக் குணங்கள் கண்டால் குளிசையை நிற்பாட்டிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரிய டோஸ் என்றால் பெரிய பலன் என்ற நினைப்பையும் அவுஸ்திரேலிய ஆய்வொன்று 2010இல் கவிழ்த்துவிட்டது. 70 வயது தாண்டிய 2256 பெண்களில் ஒரு பகுதியினருக்கு வருடத்துக்கு ஒருமுறை 500,000 அலகு கொடுத்தார்கள். கொடுக்கப்பட்டவர்கள்தான் கூடுதலாக விழுந்தார்கள், கூடுதலாக எலும்பு முறிந்தார்கள்.

வெற்றிலைக்காரர்கள் என்னிடம் சொல்வதுண்டு: “நாங்க சுண்ணாம்பு தின்னுறோமே, அதில கல்சியம்தானே.” கல்சியம்தான். ஆனால் அமிலத்துக்கு எதிர்மாறான காரமும் கல்சியமும் சேர்ந்து கூடும்போது இரத்தத்தின் காரத்தன்மை ஏறிச் சிறுநீரகம் பழுதாகும் நிலை ஒன்று உண்டு. சுண்ணாம்போடு வெற்றிலை பாக்குப் போடுபவர்களில் அது வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. வாய்ப் புற்றுநோய் பற்றித் தனியே சொல்லத் தேவையில்லை.

யார் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்?

சிறுநீரக நோய் உள்ளவர் தானாக ஒரு குளிசையும் போடக்கூடாது. அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிய, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவிய இடங்களில் ஒன்று. அந்தப் பக்கத்து ஆக்கள் முதலில் கிரியற்றினின் என்ற, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுப் பேசுவதே நல்லது. முன்பு கல் வந்தவர், பிரஷருக்குத் தையசைட் வகை மருந்தோ இதயத்துக்கு டிஜொக்சினோ எடுப்பவர் ஆகியோரும் கேட்க வேண்டும். தையசைட் கல்சியத்தை உடம்புக்குள் தேக்கிவைக்கும். கல்சியம் ஏறிய இரத்தத்தில் டிஜொக்சின் இதயத்துடிப்பைக் குழப்பும்.

மறுபக்கம், மாதக்கணக்கில் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து எடுப்பவர், சின்ன விழுகையில் எலும்பு முறிந்தவர், வெளியே இறங்காத முதியவர் ஆகியோருக்குக் குளிசை உண்மையில் தேவைப்படலாம். அவர்களும் டொக்டரைக் கண்டு அளவைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நல்ல சுகமாக நடமாடி, தயிரும் மீனும் சாப்பிடும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு என் கருத்தில் இது வீண் செலவு. ஏறத்தாழ 26,000 பேருக்கு நடந்த, 2022இல் வெளியான ஆய்விலும், பொதுவாகச் சுகமாக இருந்தவர்கள் நாளுக்கு 2000 அலகு டி எடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. அந்தக் காசில் குளியலறைக்கு வழுக்காத விரிப்பும் முற்றத்துக்கு ஒரு லைட்டும் வாங்கலாம்.

கடைசியாக ஒரு பை. ஒரு அம்மா தான் போடும் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் கொட்டிக் கொண்டுவந்தார். லண்டன் போத்தல், நாளுக்கு 1200. அதற்குள்ளேயே டி 800. கஸ்ரைட்டிஸுக்குச் சப்பும் குளிசை நாலைந்து, ஒவ்வொன்றிலும் கல்சியம் கார்பனேட் 500, அதாவது மூலகக் கல்சியம் 200. கிழமைக்கொரு 50,000 கப்சூல், துண்டின் திகதி பதினொரு மாதத்துக்கு முந்தியது. தைரொக்சினும் அதே பையில், காலையில் எல்லாம் ஒன்றாக. நாங்கள் இருவரும் ஒரு கடதாசியில் கூட்டினோம். கல்சியம் மட்டும் 2000க்கு மேல், சாப்பாட்டைச் சேர்க்காமல். “இவ்வளவாகா?” என்று பக்கத்தில் நின்ற மருமகளைப் பார்த்தார். அந்தக் கடதாசியையும் பையையும் அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அடுத்த மாதம் வந்தபோது தைரொக்சினுக்கு மட்டும்தான் துண்டு நீட்டினார்.